பச்சைத் திரையில் சிவப்பு எழுத்து

சிவகணேஷுக்குப் புள்ளியியல் தேர்வு கைநழுவிப் போனது ஒரு புள்ளியால்தான்.

வேங்கிக்காலைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது பேரொளி கலை அறிவியல் கல்லூரி. அங்கே அவன் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வு எழுத வேண்டுமானால் கல்லூரி இணையதளத்தில் ஒவ்வொரு பாடத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவான பாடத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். பதிவாகாத பாடத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. புள்ளியோடு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பேரொளி நிர்வாகத்துக்கு வார்த்தைப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. ஆண்டு விழாவில் வரவேற்புரை மட்டுமே மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போகும். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏனோ சிக்கனமாக இருந்துவிட்டார்கள்.

சிவகணேஷ் பார்த்தபோது எல்லாப் பாடங்களுக்குப் பக்கத்திலும் ஒரே மாதிரிப் புள்ளி, காய்ந்த வாழைச்சருகின் நிறத்தில். வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனான். ஹால் டிக்கெட் வந்தபோது அதில் புள்ளியியல் இல்லை.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீட்டில் இது பழைய விஷயம். அவன் அப்பா உமாமகேஸ்வர குருக்களுக்கு அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உண்டு. அம்மனுக்குச் சிவப்புப் பட்டு எடுத்துவரச் சொன்னால் சின்ன வயதில் இவன் பச்சைப் பட்டோடு போய் நிற்பான். பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அன்று சாயங்காலமே குருக்கள் சிவப்புப் பட்டையெல்லாம் மேல் தட்டிலும் பச்சைப் பட்டையெல்லாம் கீழ்த் தட்டிலும் மாற்றி அடுக்கிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை.

கல்லூரியும் அப்படி ஏதாவது தட்டு மாற்றி வைக்கும் என்ற நம்பிக்கையில் அவன் முதல்வர் குமரகுருவைப் பார்க்கப் போனான். புள்ளியியல் தாள் போனால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மேலே படிக்கச் சென்னையில் பார்த்து வைத்திருந்த இடமும் போய்விடும். தாமதப் பதிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் முதல்வருக்கு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். முதல்வருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

"சிவப்பா இருந்துச்சேப்பா," என்றார் குமரகுரு. "பார்த்துட்டு மறுபடி பதிவு பண்ணியிருக்கலாமே?"

"எனக்குச் சிவப்பு தெரியாதுங்க சார்."

"தெரியலைன்னா பக்கத்துல இருக்கவங்களக் கேட்டிருக்கணும்."

"தெரியலைங்கறது தெரிஞ்சாதான சார் கேக்க முடியும்."

முதல்வர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துக் காட்டி இது என்ன கலர் என்று கேட்டார். சிவகணேஷ் நீலம் என்றான். சரியாகச் சொல்லிவிட்டதால் முதல்வருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோப்புகளைக் காட்டினார். திரைச்சீலையைக் காட்டினார். விஷயம் பரவி அலுவலக ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளித் தொக்கைக் காட்டினார், இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். ஒரு அம்மா தன் வளையல்களை அடுக்கடுக்காக நீட்டினார். யானை பார்க்க வந்த கூட்டம் மாதிரி ஆகிவிட்டது அறை. கடைசியில் முதல்வர் தன் கழுத்து டையைத் தூக்கிப் பிடித்து, இது என்ன கலர் என்றார்.

"சேத்துக் கலருங்க சார்," என்றான் சிவகணேஷ்.

அது கல்லூரியின் அதிகாரபூர்வச் சிவப்பு. பட்டமளிப்பு விழாவுக்கென்று தாளாளர் தம் கையால் வழங்கிய டை. அத்தோடு விசாரணை முடிந்தது. விதிமுறையில் நிறத்தைப் பற்றி இருக்கிறதே தவிர கண்ணைப் பற்றி எதுவும் இல்லை, ஆகவே தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று முதல்வர் சொல்லி அனுப்பிவிட்டார்.

கூடப் படிக்கும் வினோதினிக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. அடி அண்ணாமலை கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். ஏதாவது வேலையைத் தொடங்கிவிடுவாள். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வரப்போகிறது, ஒவ்வொரு துறையும் ஒரு சமூக விழிப்புணர்வுப் படைப்பு காட்டியாக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். கணினித் துறையிலிருந்து யாரும் பேர் கொடுக்கவில்லை. வினோதினி கொடுத்தாள். நிறக்குருடு பற்றியும், இணையதளங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருப்பது பற்றியும் ஒரு அனிமேஷன் இன்ஃபோகிராஃபிக். குழுவில் மூன்று பேர்: எழுதுவது வினோதினி, வரைவது ராஜா, கண் சிவகணேஷுடையது.

"நாம போய்ச் சொன்னா கேக்க மாட்டாங்க. ஸ்கிரீன்ல ஓடுனா உக்காந்து பார்ப்பாங்க," என்றாள் அவள்.

ராஜா நன்றாக வரைவான். ரமணாசிரமம் பக்கத்துக் கஃபேக்களுக்குச் சுவரோவியம் போட்டுக் கொடுத்துப் பழக்கம். அந்தப் பக்கம் மரத்துக்கு மரம் தாவுகிற குரங்குகளைப் பார்த்துப் பார்த்து, படத்துக்கு ஒரு குரங்கையே கதாநாயகனாக வைத்தான். குரங்கு மரத்தடியில் உட்கார்ந்து செல்போனில் பழம் ஆர்டர் செய்கிறது. பழுத்தது சிவப்புப் பொத்தான், காய் பச்சைப் பொத்தான். குரங்குக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் கூடை கூடையாகக் காய் வந்து இறங்குகிறது. பிறகு பொத்தானில் ‘பழம்’, ‘காய்’ என்று எழுத்து வருகிறது, கூடவே சின்னப் படமும் வருகிறது. குரங்கு சரியாக அழுத்திப் பழம் தின்கிறது. நூறு ஆண்களில் சில பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு, நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், எழுத்தும் பின்னணியும் நன்றாக வேறுபட்டுத் தெரியட்டும் என்று கடைசியில் நாலு வரி. நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து. சிவகணேஷ் ஒவ்வொரு காட்சியையும் பார்த்து, தெரிகிறது, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். தன் கண்ணால் ஒரு வேலை ஆகிறது என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

படத்தைப் பார்த்த முதல்வர் குமரகுரு நன்றாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொன்னால் இன்னும் நிறைய மாற்றம் இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ‘நிறக்குருடு’ என்ற சொல். குழு வருகிற நேரத்தில் வளாகத்துக்குள் குருடு, குறை, கோளாறு என்ற சொற்கள் எங்கும் தென்படக் கூடாது என்று உத்தரவு. குறை தீர்க்கும் பெட்டியைக்கூடக் கழற்றி விளையாட்டுச் சாமான் அறைக்குள் வைத்துவிட்டார்கள். எனவே அது ‘வண்ணச் சிறப்புப் பார்வை’ ஆயிற்று. அடுத்தது, நூறில் சில பேர் என்ற கணக்கு.

"அப்போ நம்ம காலேஜ்ல எத்தனை பேரு?" என்று கேட்டார் முதல்வர்.

வினோதினி, வகுப்புக்கு ஒருத்தராவது இருப்பாங்க சார் என்றாள்.

"இது வெளிய தெரிஞ்சா அட்மிஷன் கம்மியாகிடும்மா. நூறுல சில பேரு, ஆனா அவங்க யாரும் இங்க படிக்கலனு போட்டுடு."

மூன்றாவது குரங்கு. குரங்கு வேண்டாம், மரியாதையாக ஒரு முகம் வேண்டும் என்றார். யாருடைய முகம் என்று ராஜா கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. முதல்வர் தலைக்கு மேலே சுவரில் தாளாளர் தசரதன் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாள் குறைவாக இருந்ததால் ராஜாவால் தலையை மட்டும்தான் மாற்ற முடிந்தது. அப்படியாகத் தாளாளர் தலை, குரங்கு உடம்போடு, வாலைச் சுழற்றிக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து பழம் ஆர்டர் செய்தது.

அதே தலையோடு படத்தைத் தாளாளரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. தசரதன் தம்மைக் ‘கல்வித் தந்தை’ என்று சுவரொட்டிகளில் போட்டுக்கொள்பவர். அவர் அறைக்குள் நுழைந்தால் பச்சைக் கம்பளம், சிவப்பு நாற்காலி, பச்சைச் சுவர், சுவரில் சிவப்பு எழுத்தில் அவருடைய பொன்மொழிகள். சிவகணேஷுக்கு அந்த அறையில் நாற்காலி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. உட்காரச் சொன்னார்கள், அவன் தடவிப் பார்த்து உட்கார்ந்தான். தாளாளர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

படம் ஓடியது. தம் முகம் வந்ததும் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வால் வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் தாளாளர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வால் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்தது வேறொன்று.

"நீலமும் மஞ்சளும் யாரு கலரு?" என்று முதல்வரைக் கேட்டார்.

செங்கம் ரோட்டில் இருக்கிற போட்டிக் கல்லூரியின் பஸ் அந்த நிறம் என்று முதல்வர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

தாளாளர் எழுந்து நின்றார். அறையில் ஐந்து பேர் இருந்தாலும் மைதானத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அவர்.

"பச்சை நம்ம மண்ணு. சிவப்பு நம்ம மலை. அதனாலதான் பச்சை மேல சிவப்புல எழுதணும்னு அன்னிக்கே முடிவு பண்ணேன். கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடியே கலரு முடிவு பண்ணவன் நான். லைப்ரரியே இன்னும் கட்டல, ஆனா அதுக்குப் பெயிண்ட் வாங்கி வெச்சாச்சு. இந்தச் சிவப்பும் பச்சையும் தெரியலனு ஒருத்தன் சொன்னான்னா, அவன் கண்ணுல கோளாறு இல்ல. விசுவாசத்துல கோளாறு."

சிவகணேஷ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அது நாற்காலியின் கைதானா என்பதில் அவனுக்கு முழு நிச்சயம் இல்லை.

படம் முழுக்கப் பச்சைப் பின்னணி, சிவப்பு எழுத்து, சிவப்பு உருவங்கள் என்று மாற்றச் சொல்லி உத்தரவாயிற்று. அப்படி மாற்றினால் யாருக்காக எடுத்தோமோ அவர்களுக்கே தெரியாதே என்றாள் வினோதினி. அவர்களுக்குத்தான் விஷயம் முன்பே தெரியுமே, தெரியாதவர்களுக்குத்தானே விழிப்புணர்வு என்றார் முதல்வர்.

மாற்றினார்கள். மாற்றாவிட்டால் படமே ஓடாது. படம் ஓடினால் அனுமதி பற்றிப் பேசலாம் என்று முதல்வர் கோடி காட்டியிருந்தார். முடிந்ததும் ராஜா போட்டுக் காட்டினான். சிவகணேஷ் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான். சருகு நிறத்தில் ஒரு திரை. நடுநடுவே தாளாளரின் தலை மட்டும் கறுப்பாக வந்து வந்து போனது. நல்லா இருக்கா என்று ராஜா கேட்டான். அமைதியா இருக்கு என்றான் சிவகணேஷ். சிரித்தார்கள், பிறகு மூன்று பேருமே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இதற்குள் முதல்வருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குழு வரும் முன்பே ‘வண்ண விழிப்புணர்வு நாள்’ ஒன்று நடத்திப் புகைப்படம் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். மாணவர்களில் பாதிப் பேர் சிவப்பிலும் பாதிப் பேர் பச்சையிலும் வர வேண்டும். வாசலில் அவர்களைப் பிரித்து, சிவப்பை இடது பக்கமும் பச்சையை வலது பக்கமும் அனுப்பி, மேலிருந்து பார்த்தால் கண் மாதிரி தெரியும்படி நிறுத்த வேண்டும். இந்த விஷயத்தில் நல்ல அனுபவம் உள்ளவன் என்று வாசலில் பிரித்து அனுப்பும் பொறுப்பைச் சிவகணேஷிடம் கொடுத்தார்.

அவன் மறுத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. சரியென்று உயரமானவர்களை இடது பக்கமும் குள்ளமானவர்களை வலது பக்கமும் அனுப்பினான். மொட்டை மாடியிலிருந்து பார்த்த முதல்வர் மூச்சிரைக்க ஓடிவந்து, என்னப்பா இது, கலரெல்லாம் கலந்து கிடக்கிறது என்றார்.

"எல்லாரும் ஒரே கலர்லதான் வந்திருக்காங்க சார். ஒத்துமையா," என்றான் சிவகணேஷ்.

மறுநாள் கல்லூரி முகநூல் பக்கத்தில் ‘ஒற்றுமை நாள்’ என்ற தலைப்பில் அந்தப் புகைப்படம் வந்தது.

குழு வந்த நாளில் பேரொளி வளாகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாழைமரம், மேளம், பூரணகும்பம். குழுத் தலைவர் பேராசிரியர் சகாதேவன். வெளியூர்க்காரர், ஒல்லியான, பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆய்வகம் வழியாக வேகமாக அழைத்துப் போனார்கள். சாப்பாட்டு அறை வழியாக மெதுவாக அழைத்துப் போனார்கள். பதினெட்டு வகைப் பதார்த்தம் பார்த்த பிறகு எல்லோரும் அரங்கத்துக்கு வந்தார்கள்.

மாணவர் பிரதிநிதி என்று சிவகணேஷைக் குழுத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சைவப்பழமாக விபூதி வைத்திருந்ததால் ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பது முதல்வரின் கணிப்பு. மேடையில் முதல்வர் அறிமுக உரை ஆற்றினார். "எங்கள் கல்லூரியில் வண்ணச் சிறப்புப் பார்வை உள்ள மாணவர் ஒருவர்கூட இல்லை. இருந்த ஒருசிலரும் எங்கள் தொடர் விழிப்புணர்வின் காரணமாகத் திருந்திவிட்டார்கள் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார். கைதட்டல் எழுந்தது. திருந்தியவனும் கைதட்டினான்.

விளக்கை அணைத்தார்கள். திரை ஒளிர்ந்தது. கொஞ்சநேரம் கழித்துப் பேராசிரியர் சகாதேவன் சிவகணேஷ் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"தம்பி, படம் எப்போ போடுவாங்க?"

சிவகணேஷ் திரும்பி அவரைப் பார்த்தான்.

"ஓடிட்டிருக்குங்க சார்."

"எங்க?"

"எனக்கும் தெரியல சார். மத்தவங்க சிரிக்கறத வெச்சுதான் சொல்றேன்."

இருட்டில் இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புத் தலை ஒன்று வந்தது, போனது. அரங்கம் சிரித்தபோது இவர்களும் சிரித்தார்கள், தட்டியபோது தட்டினார்கள். பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவிதான் சட்டை எடுத்து வைப்பாள் என்றார். எங்க வீட்டில் அப்பா தட்டு மாற்றி வைத்திருக்கிறார் என்றான் சிவகணேஷ். நல்ல அப்பா என்றார் அவர். சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது சிவகணேஷுக்கு. புள்ளியியல் விஷயத்தைச் சொல்லலாமா என்று வாயெடுத்தான். அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மேடையேறிய சகாதேவன் சுருக்கமாகப் பேசினார். தாம் பார்த்த வரையில் படத்தில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். அது முழு உண்மை. தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் கல்லூரியின் தொழில்நுட்பச் சாதனை காத்திருந்தது. குழுவின் முடிவை அங்கேயே பதிவு செய்ய ஒரு பெரிய தொடுதிரை. கல்லூரியே வடிவமைத்தது, அழுத்தினால் முடிவு நேராகக் குழுவின் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். திரையில் இரண்டு வட்டப் பொத்தான்கள். திருப்தி என்றால் பச்சை. திருப்தி இல்லை என்றால் சிவப்பு. எழுத்து போட்டால் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள். சகாதேவன் விரலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். எது எது என்று கேட்க அவருக்குக் கூச்சம். அந்த நேரம் பார்த்து ஃபோட்டோகிராபர் எல்லோரையும் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார். தாளாளர், முதல்வர், ஆசிரியர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். பேராசிரியர் கைக்கு வந்த பொத்தானை அழுத்தினார். நன்றி என்று திரை சொன்னது.

சாயங்காலம் முடிவு வந்தது. பேரொளி கல்லூரி: திருப்தி இல்லை.

வாழைமரம் வாடுவதற்குள் வளாகம் துக்க வீடாகிவிட்டது. முதல்வர் பேராசிரியருக்கு ஃபோன் செய்தார். தாம் திருப்தி என்றுதான் அழுத்த நினைத்ததாகச் சொன்ன சகாதேவன், கொஞ்சம் தயங்கிவிட்டு, தம் கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டார். முதல்வர் ஃபோனைக் கீழே வைத்தபோது அவர் முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவர் யாருடைய குறைபாட்டையும் கேட்டதில்லை.

உடனே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார்கள். ஆனால் எழுதத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் தெரியாத ஒரு பெரிய மனிதர் உலகத்தில் இருக்க முடியும் என்று தலைமை அலுவலகத்துக்கு எப்படிப் புரியவைப்பது? விஷயம் தெரிந்தவர்கள் கல்லூரியில் மூன்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவர்களைத் தாளாளர் அறைக்கு வரவழைத்தார்கள். இந்த முறை டீ கொடுத்தார்கள்.

வினோதினி எழுதத் தொடங்கினாள். முதல்வர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துத் தாளாளருக்குச் சொன்னார். "நிறத்தை மட்டும் நம்பி அமைக்கப்பட்ட பொத்தான், அதை வேறுபடுத்தி அறிய முடியாதவரை ஏமாற்றிவிடுகிறது. இது அவருடைய கவனக்குறைவு அல்ல, அமைத்தவர்களின் தவறு. எனவே அவ்வாறு செய்த பதிவு செல்லாது." தாளாளர் மேஜையைத் தட்டி, சபாஷ், இதத்தான் நான் அப்பயிருந்து சொல்றேன் என்றார்.

வினோதினி பேனாவை மூடினாள்.

"சார், பேராசிரியர் பேருக்குக் கீழ சிவகணேஷ் பேரையும் போட்டுடட்டுமா? அவன் புள்ளியியல் பதிவும் இதே கதைதான்."

முதல்வர் டையைச் சரிசெய்துகொண்டார். அது வேற, இது வேற என்று தொடங்கினார்.

"எப்படி சார் வேற?" என்றாள் வினோதினி. "இவன் பதிவு ஆனது ஆனதுதான், மாத்த முடியாதுன்னா அவர் அழுத்துனதும் செல்லும். அப்புறம் இந்தப் பேப்பர் அனுப்பி என்ன பிரயோஜனம்?"

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் விதிமுறையைப் பார்த்தார். விதிமுறையில் தாமதப் பதிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் முதல்வருக்கு உண்டு என்று ஒரு வரி இருப்பது அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. தாளாளர், என்னய்யா இத்தனை நாளா இது தெரியலயா என்று கடிந்துகொண்டார். சிவகணேஷின் பாடம் அங்கேயே, அந்த மேஜையிலேயே பதிவாயிற்று. புள்ளி மாறியதா என்று அவனைக் கேட்டார்கள். நீங்கதான் சார் பார்த்துச் சொல்லணும் என்றான்.

மேல்முறையீட்டோடு ஆதாரமாகப் படத்தையும் இணைக்க வேண்டும் என்றாள் வினோதினி. எந்தப் படத்தை? பச்சையில் சிவப்பை அனுப்பினால் தலைமை அலுவலகத்திலும் யாராவது ஒருவர், படம் எப்போ போடுவீங்க என்று கேட்டு எழுதக்கூடும். வேறு வழியில்லாமல் நீலமும் மஞ்சளுமாக இருந்த பழைய படமே போயிற்று. குரங்குக்கு அதன் தலை திரும்பக் கிடைத்தது.

சிவகணேஷ் புள்ளியியல் தேர்வை எழுதினான். சுமாராகத்தான் எழுதினான்; அதற்கு யார் கண்ணையும் குறை சொல்ல முடியாது. பாஸாகிவிட்டான்.

மேல்முறையீடும் ஜெயித்தது. முந்தைய பதிவு செல்லாது, குழு மீண்டும் வரும் என்று பதில் வந்தது. கூடவே, இணையதளத்தையும் தொடுதிரையையும் எல்லோருக்கும் தெரியும்படி மாற்றியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. தாளாளருக்கு நெஞ்சு வலிக்காத குறைதான். இருந்தாலும் மூன்று பேரையும் உட்கார வைத்து இணையதளத்தை மாற்றச் சொன்னார். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை. தொடுதிரைப் பொத்தானிலும் கொட்டை எழுத்தில் வார்த்தை.

பேராசிரியர் சகாதேவன் மறுபடி வந்தார். மேளம், பூரணகும்பம், பொன்னாடை எல்லாம் மறுபடி நடந்தன. படத்தை மறுபடி போட்டார்கள். இந்த முறை அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். காய் கூடையைப் பார்த்துக் குரங்கு தலையில் அடித்துக்கொண்ட இடத்தில் அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு, உங்கள் இணையதளத்தையும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். போன முறை அதன் வசதிகள் பக்கத்தைப் படிக்கவே முடியவில்லை, இந்த முறை மாற்றியிருப்பீர்களே என்றார்.

முதல்வர் பெருமையோடு திறந்து காட்டினார். பேராசிரியர் வாய்விட்டுப் படித்தார். நூலகம்: விரைவில். மொழி ஆய்வகம்: விரைவில். மாணவியர் ஓய்வறை: விரைவில். இயற்பியல் துறைப் பேராசிரியர்கள்: விரைவில். பச்சையில் சிவப்பாக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போன பக்கம் அது. யாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கவில்லை. தாளாளரே இன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிக்கிறார் போல, கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தொடுதிரை முன்னால் பேராசிரியர் நின்றார். சிவகணேஷும் பக்கத்தில் நின்றான். இரண்டு பொத்தான்களையும் அவர் ஒருமுறை நிதானமாக வாசித்தார். ஃபோட்டோகிராபர் வழக்கம்போல இந்தப் பக்கம் பாருங்கள் என்றார். தாளாளரும் முதல்வரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். பேராசிரியர் விரலை வைத்து அழுத்திவிட்டு, சிவகணேஷின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கார் வாசலைத் தாண்டியதும் முதல்வர் ஓடிவந்து சிவகணேஷின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பக்கத்துலதான இருந்த, எதை அழுத்துனாரு? பார்த்தியா?"

"பார்த்தேங்க சார்," என்றான் சிவகணேஷ். "திருப்தி இல்லைனு இருந்துச்சே, அதை. எழுத்து நல்லாத் தெரிஞ்சுது."